பெண்சாதியின் முறைத் தண்ணீர்

மார்க்கண்டர் சாயப் பட்டறை போட்ட காணி குணலட்சுமியக்காவின் சீதனக் காணி. பட்டறைக்கு முதலாளி மார்க்கண்டர்தான், கிடாரங்கள் அவருடையவை, நகக்கண்ணில் ஏறிப்போன சாயமும் அவருடையது. ஆனால் காலுக்குக் கீழே கிடந்த மண் அக்காவுடையது. அந்த மண்ணோடு சேர்த்து, இரண்டு தோட்டம் தெற்கே தள்ளியிருந்த பங்குக் கிணற்றில் ஒரு பங்கும் அவருக்குக் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கிணற்றுப் பங்கு இருந்தால்தான் அது காணி. பங்கில்லாத நிலத்தில் ஆடு கட்டலாம், அவ்வளவுதான்.

பங்குக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் முறை. தன் முறை வந்த நாளில் அவன் மெசின் வைத்து இறைக்கலாம், துலா மிதிக்கலாம், கிணறு அன்றைக்கு அவனுடையது. மற்ற நாட்களில் குடிக்கவும் சமைக்கவும் வாளியால் அள்ளலாமே தவிர, ஒரு பாத்திக்குக்கூடத் தண்ணீர் கட்ட முடியாது. முறை தவறினால் அண்ணன் தம்பியே மண்வெட்டி தூக்குவார்கள். நானும் அந்தக் கிணற்றில் ஒரு பங்குக்காரன் என்பதால் இது எனக்குத் தெரியும்.

பட்டறைக்கு மேற்கே வழுக்கையாறு. அதை ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மாரியில் அளவெட்டிப் பக்கத்து வெள்ளமெல்லாம் திரண்டு தெற்கே இறங்கி, வயல்களுக்குள்ளால் நடந்து அராலியில் கடலோடு சேரும். தை கழிந்தால் ஆறு இல்லை, மாடு மேய்கிற பள்ளம்தான். ஆனாலும் இரண்டு கரையிலும் இருக்கிற வயல்காரருக்கு வருடத்தில் கிடைக்கிற ஒரு போக நெல்லு அதை நம்பித்தான்.

மார்க்கண்டர் இளந்தாரியாக இருந்தபோது கொழும்பில் ஒரு துணி ஆலைக்குப் போனவர். சாயம் தோய்க்கிற பகுதியில் வேலை. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்திறங்கியபோது உடுத்த சாரமும் நீலம் பாரித்த நகங்களும்தான் மிச்சம். பிறகு ஒரு நெசவுச் சங்கத்தில் சம்பளத்துக்கு நின்றார். குணலட்சுமியக்காவைப் பேசி வந்தபோது, அக்காவின் தகப்பனார் மாப்பிள்ளையின் கையைத்தான் கனநேரம் பார்த்தாராம்.

"தம்பி, உது கழுவினால் போகாதோ?"

"போகாது மாமா. கழுவிப் போனால் அது சாயமில்லை."

அந்தப் பதிலுக்காகவே பெண்ணைக் கொடுத்தேன் என்று தகப்பனார் பிறகு சொல்லித் திரிந்தார்.

எழுபதாம் ஆண்டுக்குப் பிறகு அரசாங்கம் தடை போட, வெளிநாட்டுத் துணி வருவது நின்றது. நிற்கவும் எங்கள் ஒழுங்கைகளில் தறிச் சத்தம் எழும்பியது. சேலை, சாரம், துவாய் என்று நெய்ததெல்லாம் நெய்த சூட்டோடு விற்றது. நெய்வதற்கு நிறம் பிடித்த நூல் வேண்டும். மார்க்கண்டர் சங்கத்து வேலையை விட்டுவிட்டு, அக்காவின் காணியில் ஓலைக் கொட்டில் ஒன்றைப் போட்டு, கிடாரங்களை அடுப்பில் ஏற்றினார். காணியின் வடக்கு மூலையில் தனக்கென்று ஒரு கிணறும் வெட்டினார். நல்ல தண்ணீர் விழுந்தது. இரத்தினம்மா என்ற பெண் தலைமையில் அயலட்டைப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். நூல் கழிகளை அவித்து, தோய்த்து, அலசி, கம்பிகளில் தொங்கவிட்டால் பட்டறை வளவு கோயில் திருவிழா மாதிரி இருக்கும்.

அவித்த தண்ணீரும் அலசின தண்ணீரும் ஒரு சீமெந்து வாய்க்காலால் ஆற்றுப் பள்ளத்துக்குள் போயின. கோடையில் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பள்ளத்தில் தேங்கி, வற்றி, மண்ணில் கறுத்த பாளமாகக் காய்ந்துபோனது. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தது. காய்ந்து கிடந்ததெல்லாம் ஒரே நாளில் கரைந்து, சிவப்பும் நீலமுமாக வெள்ளத்தோடு புறப்பட்டு, கீழ்க்கரை வயல்களுக்குள் ஏறியது. சாயம் பிடிக்கப் போடுகிற கொஸ்ரிக் சோடாவும் உப்பும் அதிலே இருந்தன. முளைத்து ஒரு சாண் எழும்பியிருந்த நெல் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகிச் செத்தது.

முதலில் வந்தவர் சோமசேகரத்தார். வயல்காரர், எங்கள் கிணற்றிலும் பங்குக்காரர். அதிகம் கதைக்காத மனிதர். செத்த நாற்றில் ஒரு பிடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் வைத்தார்.

"மார்க்கண்டு, என்ரை வயலையும் தோய்ச்சுப்போட்டீர்."

மார்க்கண்டர் நியாயம் தெரிந்தவர். மறுத்துக் கதைக்கவில்லை. "அண்ணை, உந்த வயலிலை வழமையா எவ்வளவு விளையுமோ அதை நான் நெல்லா வாங்கித் தாறன். நீங்கள் பாடுபடவும் வேண்டாம், அரிவு வெட்டவும் வேண்டாம்," என்றார். சொன்னபடி மாசியில் மூடைகளை வண்டிலில் ஏற்றி அனுப்பினார்.

அவருக்கு அது லேசான வழியாகப் பட்டது. ஆற்றுக்குள் போகிற தண்ணீரைத் திருத்துவதென்றால் தொட்டி கட்ட வேண்டும், மருந்து போட வேண்டும், ஆள் நிறுத்த வேண்டும். நெல்லு அதைவிட மலிவு. நூல் விற்ற விலைக்கு அந்த நெல்லு ஒரு மூலைக்குக் காணாது. சோமசேகரத்தாருக்கும் நட்டமில்லை. கணக்குப் பார்க்கிறவன் அப்படித்தான் செய்வான், நானும் அன்றைக்கு அதைச் சரி என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாரியில்தான் கூத்து. நெல்லுக் கொடுக்கிறார் என்ற கதை கீழ்க்கரை முழுவதும் பரவிவிட்டது. போன வருடம் ஒரு வயல் கருகியதென்று கதை வந்தது, இந்த வருடம் கரை நெடுகிலும் கருகியதென்று வந்தது. எங்கள் நமசிவாயம் இருக்கிறானே, அவனும் பங்குக்காரன்தான், அவனுக்கு ஆற்றோடு ஒரு பள்ளக் காணி உண்டு. அவன் தகப்பன் காலத்திலிருந்து அதிலே கோரைப் புல்லைத் தவிர ஒன்றும் முளைத்ததில்லை. அந்த வருடம் அவன் அதை உழுது விதைத்தான்.

"டேய் நமசிவாயம், உந்த உவர்ப் பள்ளத்திலை நெல்லு வருமோடா?" என்று கேட்டேன்.

"வராது. அதுக்குத்தானே விதைக்கிறன்," என்றான். "மழை பொய்த்தாலும் மார்க்கண்டண்ணை பொய்க்கார்."

மார்க்கண்டர் அவனுக்கும் கொடுத்தார். கொடுத்துவிட்டு இரவு சாப்பாட்டில் இருந்துகொண்டு, விளையாத காணிக்கெல்லாம் நான் விளைச்சல் கொடுக்கிறேன் என்று புறுபுறுத்தாராம். குணலட்சுமியக்கா, "நீங்கள் தண்ணியை நிப்பாட்டுங்கோ, அவையள் விதைக்கிறதை நிப்பாட்டுவினம்," என்று சொல்லியிருக்கிறார். ஊத்தைத் தண்ணீருக்கு விலை வைத்தால் அதை வாங்கிக்கொள்ள ஆள் வரத்தானே செய்யும்.

மார்க்கண்டர் தண்ணீரை நிறுத்தத்தான் போனார். ஆனால் அவர் போன வழி எங்கள் ஊரவன் எவனும் போகக்கூடிய வழி.

எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். எவ்வளவு மழை பெய்தாலும் இரண்டாம் நாள் வளவில் தண்ணீர் நிற்காது, நிலம் குடித்துவிடும். குளித்த தண்ணீர், கழுவின தண்ணீர் எல்லாவற்றுக்கும் நாங்கள் கிடங்கு என்று ஒரு குழி வெட்டி விடுவோம், போனது போனதுதான். பட்டறைக்குப் பின்னால் மார்க்கண்டர் ஒரு கிடங்கு வெட்டுவித்தார். இன்னாசித்தம்பி என்ற கல்லுடைக்கிறவர் வந்து அலவாங்கால் இடிக்க, அடியில் பாறை வெடிப்பு ஒன்று வாயைத் திறந்தது. ஒரு பீப்பாய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சத்தம், பிறகு ஈரம் மட்டும்தான்.

"அண்ணை, இது பாதாளத்துக்குப் போகுது. உங்கடை ஆயுசுக்கும் நிரம்பாது," என்றார் இன்னாசித்தம்பி.

மார்க்கண்டருக்கு வந்த சந்தோசத்தில் அந்த வெடிப்புக்குப் பக்கத்தில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். தேங்காய்த் தண்ணீரையும் உள்ளே விட்டார்.

அந்த மாரியில் ஆறு தன் பழைய மண் நிறத்தில் வந்தது. கீழ்க்கரையில் நெல்லு தலை சாய்த்து விளைந்தது. கரையில் நின்று வெள்ளத்தைப் பார்த்த நமசிவாயத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னண்ணை, ஆறு வெளிறிப்போய் வருகுது? தொழில் சரியில்லையோ?"

"தொழில் நல்லாத்தான் இருக்குது. நீ போய்க் கோரைப் புல்லை அறு," என்றார் மார்க்கண்டர்.

மழை இருந்த மட்டும் ஒரு பிழையும் தெரியவில்லை. வைகாசி வெயிலில் கிணறு கீழே இறங்கியது. சோமசேகரத்தார் தன் முறைக்கு வெங்காயத்துக்கு இறைத்தபோது வாய்க்காலில் நுரை ஓடியது. வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. வெங்காய நோய் என்று எல்லாரும் மருந்தடித்தோம். ஆறு சுத்தமாக இருக்கிறது, பட்டறைத் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விட்டது, பிறகு யாரைச் சந்தேகிப்பது?

கண்டுபிடித்தது குணலட்சுமியக்கா. கோயிலுக்கு உடுக்கிற வெள்ளைச் சேலையைப் பங்குக் கிணற்றடியில் தோய்த்துக் காயப் போட்டிருக்கிறார். காய்ந்த சேலையைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். இரத்தினம்மாவும் மற்றப் பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இஞ்சேருங்கோ, போன கிழமை என்ன நிறம் தோய்ச்சனியள்?"

"ரோசா. சங்கத்துக்காரருக்கு. ஏன்?"

"என்ரை சீலையும் தோய்ஞ்சிட்டுது."

சேலையை விரித்துப் பிடித்தார். ரோசாப் பூவின் நிறம் என்று சொல்ல முடியாது. ஆனால் வெள்ளையும் இல்லை. மார்க்கண்டர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். நிறத்தில் அவருக்குப் பிழை வராது. தன் கிடாரத்து ரோசாதான் என்று கண்டுகொண்டார். பாதாளம் இரண்டு தோட்டத்துக்கு அப்பால், தன் பெண்சாதியின் பங்கில் வந்து முடிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? பங்குக்காரர் எல்லாரும் கிணற்றடியில் கூடினோம். வழக்கமாக அக்காவின் பங்குக்கு மார்க்கண்டர்தான் வந்து நிற்பார். அன்றைக்கு அக்காவே வந்தார். வந்து எங்களோடு துலாக் காலடியில் நின்றார். மார்க்கண்டர் எதிரே தனியாக நின்றார்.

"நீர் வீட்டை போம். நான் கதைச்சு முடிச்சிட்டு வாறன்," என்றார் மார்க்கண்டர்.

"வீட்டிலை நான் உங்கடை பெண்சாதி. இஞ்சை பங்குக்காரி. பத்மாசினிக்கு நாளைக்குச் சீதனமாக் குடுக்க என்னட்டை இருக்கிறது இந்தக் காணியும் இந்தப் பங்கும்தான். உந்தத் தண்ணியோடை குடுத்தால் ஆர் அவளை எடுப்பினம்?"

பத்மாசினி அவர்களுடைய ஒரே மகள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அக்கா அதைச் சொன்ன பிறகு மார்க்கண்டர் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

அவர் பழைய மருந்தையே எடுத்தார். "கருகின வெங்காயத்துக்கு நான் தாறன். எல்லாருக்கும் தாறன்."

நமசிவாயம் வாயைத் திறக்கப் போனான். சோமசேகரத்தார் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். "மார்க்கண்டு, வயல் ஒரு மாரிக்குச் செத்தால் அடுத்த மாரிக்கு முளைக்கும். கிணறு செத்தால் ஆர் முளைக்க வைக்கிறது? உதுக்கு நெல்லில்லை, வெங்காயமில்லை, ஒண்டும் வாங்க ஏலாது. பட்டறையை மூடும்," என்றார்.

"மூடினால் இந்தப் பெட்டையள் எங்கை போறது? உங்கடை வீடுகளிலை இருந்துதானே வருகுதுகள். சோமண்ணை, உங்கடை மருமகளும் என்னட்டைத்தான் நிக்கிறா."

அது உண்மை. எல்லாருக்கும் அந்த உண்மை தெரியும். பட்டறை மூடினால் எத்தனையோ அடுப்பு அணையும். மூடாவிட்டால் கிணறு போகும். மார்க்கண்டர் மறுபடியும் தொடங்கினார். தொட்டி கட்டித் தெளியவைக்கலாம்தான், ஆனால் செலவு தாங்காது, பிறகு பார்ப்போம், மாரி வரட்டும் என்று இழுத்தார்.

குணலட்சுமியக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவருக்கு வடக்கு மூலையிலை தன்ரை கிணறு பளிங்கு மாதிரிக் கிடக்கு. அதிலை அள்ளித் தோய்க்கிறார், ஊத்தையை எங்கடை பக்கம் விடுறார். பிறகேன் அவருக்குச் சுடப்போகுது? அந்தக் கிணத்தை மூடுங்கோ. என்ரை முறையிலை வாற தண்ணியிலை இவர் சாயம் தோய்க்கட்டும். அப்ப தெரியும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நமசிவாயம் கையைத் தட்டினான். அக்கா யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது, புருசனைக் குத்துவதற்குச் சொன்னது. ஆனால் சோமசேகரத்தார் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பிள்ளை சொன்னதை ஏன் செய்யக் கூடாது?" என்றார்.

அப்படித்தான் முடிவானது. வடக்கு மூலைக் கிணற்றுக்குப் பனங்குற்றி அடுக்கி மூட வேண்டும். பட்டறைக்கு இனிப் பங்குக் கிணற்றுத் தண்ணீர்தான், அதுவும் அக்காவின் முறை நாளில் மட்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம். மார்க்கண்டர் ஓமென்றார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, பட்டறை நின்ற நிலமும் அக்காவுடையது.

முதல் முறை நாளில் அக்காவின் வாய்க்காலால் தண்ணீர் வந்து பட்டறைத் தொட்டியை நிரப்பியது. சங்கத்துக்காரர் எலுமிச்சை மஞ்சள் கேட்டிருந்தார்கள். மெல்லிய நிறம், தண்ணீர் கொஞ்சம் கலங்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மார்க்கண்டர் தன் கையாலேயே மருந்து நிறுத்துத் தோய்த்தார். நூல் கழியை உயர்த்தியபோது இரத்தினம்மா கையால் வாயைப் பொத்தினாள்.

"சொல்லன். ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாய்?"

"அண்ணை கோவிக்கக் கூடாது. உது மஞ்சளோ? எனக்கு உழுத்தங்களி மாதிரித் தெரியுது."

சங்கம் அதைத் திருப்பி அனுப்பியது. அதற்கடுத்த நீலம் பச்சையாக வந்தது. மார்க்கண்டர் பெண்களோடு எரிந்து விழுந்தார், சாயம் விற்ற கடைக்காரனை ஏசினார், தன் கண்ணில் பூ விழுந்துவிட்டதோ என்று வைத்தியரிடம்கூடப் போனார். ஏசுவதற்கு ஆள் முடிந்த பிறகு கிடங்குக்குப் பக்கத்தில் போய்க் குந்தியிருந்தார். கிடங்குக்குள் விடுகிற ஒவ்வொரு வாளியும் தன் கிடாரத்துக்குத்தான் திரும்பி வருகிறது. முன்பு அது பங்குக் கிணற்றுக்குப் போவது தெரிந்துதான் இருந்தது, இப்போதுதான் தன் நூல் கெட்டது.

அந்தக் கிழமையே இன்னாசித்தம்பியைக் கூப்பிட்டு வெடிப்பைக் கல்லும் சீமெந்தும் போட்டு அடைப்பித்தார். பட்டறைக்குப் பின்னால் ஒன்றுக்குள் ஒன்று வழிகிற மாதிரித் தொட்டிகள் கட்டினார். முதல் தொட்டியில் சுண்ணாம்பு. அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. அடுத்ததில் படிகாரம். சாயமெல்லாம் சேறாக அடியில் படிய, தெளிந்த தண்ணீர் கடைசித் தொட்டியால் வழிந்து தென்னைகளுக்குப் போனது. எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு நேரம் என்று பிடிபடுவதற்குள் தென்னையிலும் ஒன்று செத்தது. படிந்த சேற்றை உரப் பைகளில் கட்டி ஒரு கொட்டிலில் அடுக்கினார்கள். அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. அதை என்ன செய்வதென்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது.

இதற்கெல்லாம் செலவு ஏறியது. ஆனால் அப்போது நூலுக்குக் கிராக்கி. மார்க்கண்டர் சுண்ணாம்புச் செலவை நூலில் ஏற்றினார், நெசவுக்காரர் அதைச் சேலையில் ஏற்றினார்கள், சேலை வாங்கினவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தார்கள். இவ்வளவு காலமும் அந்தச் செலவைச் சோமசேகரத்தாரின் வயலும் எங்கள் கிணறும் கொடுத்துக்கொண்டிருந்தன. இரண்டு மாரி போக, கிணற்றுத் தண்ணீர் தெளிந்தது. முழுக்கத் தெளிந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வெள்ளைச் சேலை வெள்ளையாகக் காய்ந்தது. எலுமிச்சை மஞ்சளும் எலுமிச்சை மாதிரியே வந்தது.

எழுபத்தேழில் அரசாங்கம் மாறியது, வெளிநாட்டுச் சாமானுக்குக் கப்பல்களும் திறந்துவிட்டன. நைலோன் சேலை கடைகளில் மலைபோல் குவிந்தது. கையிலெடுத்தால் பாரமில்லை, கழுவினால் உடனே காயும், விலையும் பாதி. ஒழுங்கைகளில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நூல் வாங்க வந்த கொஞ்சப் பேரும் கடற்கரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றைக் காட்டி விலை கேட்டார்கள். அந்தப் பட்டறைக்காரன் ஊத்தைத் தண்ணீரை அப்படியே கடலுக்குள் விடுகிறவன், அவனுக்குச் சுண்ணாம்புமில்லை, தொட்டியுமில்லை.

மார்க்கண்டர் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒருநாள் பங்குக்காரரைத் தானே கூட்டினார். முன்பு தனியாக நின்ற அதே பக்கத்தில் நின்றார். இந்த முறை இரத்தினம்மாவும் பெண்களும் அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"நான் சுத்தி வளைச்சுக் கதைக்கேல்லை. வடக்குக் கிணத்தைத் திறக்க விடுங்கோ. தொட்டியை விட்டிட்டு முந்தி மாதிரி ஆத்துக்குள்ளை விடுறன். ஒரு வருசத்துக்குப் பாப்பம். இல்லாட்டி வாற மாசம் பட்டறையைப் பூட்டுறன்."

"பூட்டுங்கோ," என்றார் குணலட்சுமியக்கா. சொல்லிவிட்டு அவரைப் பார்க்கவில்லை, கிணற்றுக்குள் பார்த்தார். பத்மாசினிக்கு அப்போது கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது.

"அக்கா, அப்பிடிச் சொல்லாதையுங்கோ," என்றாள் இரத்தினம்மா. "நாங்கள் என்ன செய்யிறது?"

எங்களில் ஒருவருக்கும் 'திற' என்று சொல்லவும் மனமில்லை, 'பூட்டு' என்று சொல்லவும் மனமில்லை. முன்பென்றால் எங்களுக்கு வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விற்றது, வீறாப்பாகக் கதைத்தோம். கப்பல் திறந்தபோது அவருடைய நூலோடு எங்கள் வெங்காயமும்தான் விழுந்தது. மெசினுக்கு எண்ணெய் ஊற்றி இறைத்தால் எண்ணெய்க் காசுக்கும் விளைச்சல் காணாது. பல பேர் தங்கள் முறை நாளில் கிணற்றடிக்கு வருவதையே விட்டிருந்தோம்.

நமசிவாயம்தான் அதைச் சொன்னான். சொல்லும்போதும் அவனுக்குப் பகிடிதான்.

"அண்ணை, என்ரை முறை சும்மா கிடக்குது. நீங்கள் எடுக்கிறியளோ? நான் இறைச்சால் எனக்கு நட்டம். நீங்கள் இறைச்சால் உங்களுக்குத்தானே நட்டம்."

மார்க்கண்டர் கோபிக்கப் போனவர், கோபிக்கவில்லை. நின்று யோசித்தார். அவருக்கு இருந்தது அக்காவின் ஒரு முறைத் தண்ணீர். அதை வைத்துக் கொஞ்ச நூல்தான் தோய்க்கலாம். தொட்டிகள் மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடந்தன. கட்டின செலவு கட்டினதுதான், அதிலே ஒரு முறைத் தண்ணீர் தெளிந்தாலும் அதே தொட்டி, நாலு முறைத் தண்ணீர் தெளிந்தாலும் அதே தொட்டி. நூல் கூடினால் ஒவ்வொரு கழியிலும் ஏறுகிற செலவுப் பாரம் குறையும். கடற்கரைக்காரனின் விலைக்கு வர முடியாது, ஆனால் கிட்டப் போகலாம். சேலை போனாலும் சாரமும் துவாயும் இன்னும் தறியில்தான் வந்துகொண்டிருந்தன.

"எவ்வளவு கேக்கிறாய்?" என்றார்.

"நூல் வித்தாப் பிறகு பாத்துத் தாங்கோ. விக்காட்டி ஒரு துவாய் தாங்கோ, மூஞ்சியைத் துடைக்க."

சோமசேகரத்தார் தன் முறையையும் கொடுத்தார். வேறும் சிலர் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். மெசின் எண்ணெய் மார்க்கண்டருடையது, நூல் விற்றால் முறைக்காரனுக்கு ஒரு பங்கு. வடக்குக் கிணற்றின் பனங்குற்றியை ஒருவரும் அசைக்கக் கூடாது. குணலட்சுமியக்கா கடைசியாக ஒன்று சேர்த்தார்.

"தண்ணி நிறம் மாறினால், முறை குடுத்த ஆரும் அடுத்த முறையைக் குடுக்காமல் விடலாம். நான் முதல் ஆளா நிப்பாட்டுவன்."

"ஓம், தெரியும்," என்றார் மார்க்கண்டர்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. பத்மாசினியைப் பேசி வந்த கரவெட்டி ஆட்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்த்தார்கள். பிறகு உறுதியில் காணியோடு பங்கையும் எழுதச் சொன்னார்கள். பட்டறையில் பெண்கள் முந்திய அளவு இல்லை, ஆனால் இரத்தினம்மா நிற்கிறாள். மார்க்கண்டர் பணக்காரராகவில்லை. சுண்ணாம்பு விலை ஏறும்போதெல்லாம் எங்கள் எல்லாரையும் வைவார், எங்களைச் சேர்த்துவிட்டதற்காக அக்காவையும் வைவார்.

போன கிழமை நமசிவாயத்தின் முறை. மெசின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வேலையொன்றுமில்லை, ஆனாலும் காலையிலேயே வந்து பட்டறைத் தொட்டியடியில் நின்றுவிட்டான். முதல் கழி மெல்லிய மஞ்சளில் ஏறி இறங்கியது. மார்க்கண்டர் அதை வெயிலுக்கு உயர்த்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணை, என்ரை தண்ணி எப்பிடி?"

"உன்னைவிட நல்லது," என்றார் மார்க்கண்டர். கழியை இரத்தினம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.